கரையும் கரைக்குக் கீழுள்ள ஊரும்



அணைகளின் பாதுகாப்பை ஆராயக் கூடியிருக்கும் இந்தச் சபைக்குத் தலைமை வகிப்பவன் என்ற முறையில், சம்பிரதாயமான முகவுரையை நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஓர் அணையைப் பற்றி நாம் கேட்கக் கடமைப்பட்ட கேள்விகள் இரண்டு. அது எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒன்று. அது உடைந்தால் யாருக்கு என்ன நேரும் என்பது மற்றொன்று. உறுதியான அணையேயானாலும் அதன் அடிவாரத்தில் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்தால் அது பேரபாயத் தரத்தைச் சேர்ந்ததே. கசிந்து கரைந்துகொண்டிருக்கும் கரையேயானாலும் அதன் கீழே மேய்ச்சல் தரை மட்டும் இருக்குமானால் அதன் அபாயத் தரம் சொற்பமே. முப்பது வருஷங்களுக்கு முன் வயலாக இருந்த இடத்தில் வீட்டு மனைகள் எழுந்து, பள்ளிக்கூடமும் வந்துவிட்டால், கரையில் ஒரு கூடை மண் கூடாமலும் குறையாமலும் இருக்க, அபாயத் தரம் மட்டும் உயர்ந்துவிடுகிறது. கரையைப் பார்வையிடும் அதிகாரி எத்தனை சிரத்தையோடு கரையைப் பார்த்தாலும் இந்த மாறுதல் அவர் கண்ணில் படாது. அவர் சற்றே திரும்பி நின்று ஊரைப் பார்க்க வேண்டும்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரு கேள்விகளையும் அங்கீகரித்து, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதனை, அபாயத் தரப் பகுப்பு, அவசரகாலச் செயல்திட்டம் ஆகியவற்றை விதித்திருக்கிறது. 1961இல் பான்ஷெட் உடைந்து புனே நகரை வெள்ளம் சூழ்ந்த பிறகும், 1979 ஆகஸ்டில் மச்சு இரண்டாம் அணையின் மண்கரை உடைந்து மோர்பியில் எண்ணற்ற உயிர்கள் மாண்ட பிறகும், இப்படி ஒரு சட்டம் பிறக்க இத்தனை காலம் பிடித்ததே என்று வருந்தலாம். வந்த வரையில் வரவேற்போம். ஆனால் அதன் வரம்புக்குள் வருபவை 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுள் நீளம், கொள்ளளவு முதலான சில லட்சணங்கள் பொருந்தியவையும் மட்டுமே. ஆகவே நமது தாமிரபரணிப் பிரதேசத்தில், 143 அடி பாபநாசமும், 156 அடி சேர்வலாறும், 118 அடி மணிமுத்தாறும் சட்டத்தின் பார்வையில் இருக்கின்றன. அவற்றின் தண்ணீரை வாங்கி வயலுக்குக் கொடுக்கும் குளங்களில் பெரும்பாலானவை இல்லை. தமிழ்நாடு முழுவதும் 39,000க்கு மேற்பட்ட ஏரி குளங்கள் உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை அரசுத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்து வருகின்றன. ஒன்றிய அலுவலகத்தில் அபாயத் தரத்தைக் குறிக்க ஒரு பதிவேடு கூட நான் கண்டதில்லை.

இந்த இடைவெளி எத்தகையது என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் காட்டிவிட்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று, மலையடிவாரத்து அணைகளுக்கு வெகு தூரம் கிழக்கே, கடலோரச் சமவெளியின் மீதே வானம் கொட்டியபோது, பெரிய அணைகள் நின்ற இடத்தில் நின்றன, உடைந்தவை குளங்கள். குளங்களோ தனித்தனியே இருப்பவை அல்ல. மேற்குளத்தின் மறுகால் கீழ்க்குளத்தின் வரத்துக்காலாக அமைந்திருப்பதால், மேலே ஒரு கரை உடைந்தால் கீழே உள்ள குளம் தன் கலுங்கு தாங்கக்கூடிய அளவைப் போல் பல மடங்கு நீரை ஒரே நாழிகையில் பெறுகிறது. எனவே ஒரு குளத்தின் அபாயத்தை அதன் கரையை மட்டும் வைத்து நிர்ணயிக்க முயல்வது வீண். சங்கிலி முழுவதையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

சிறிய அணை என்று அலட்சியப்படுத்தலாகாது என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்து டோக்கோவா ஊரே சாட்சி. அங்கே இருந்த கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணையின் உயரம் சுமார் நாற்பதடியே. உபயோகம் தீர்ந்து, கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1977 நவம்பர் 6ஆம் தேதி பின்னிரவில் அது உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேரைக் கொன்றது. அதன் பிறகே அந்நாட்டு அரசு, பேரபாயத் தரத்தைச் சேர்ந்த தனியார், மாகாண அணைகளைப் பரிசோதிக்க முனைந்தது. பார்த்தவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிய வந்தது.

இனி, கரையின் நிலைமை. இதில் நமது நீர்ப்பாய்ச்சிகளிடம் நாம் கற்க வேண்டியது ஏராளம். கரையின் புறச்சரிவில் தெளிந்த நீர் கசிந்தால் அவர்கள் கவனித்து வருவார்கள். கலங்கிய நீர் கசிந்தால் அன்றிரவு உறங்க மாட்டார்கள், ஏனெனில் நீரோடு கரையின் மண்ணும் வெளியேறுகிறது, உள்ளே ஒரு சுரங்கம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மடையின் குழாயை ஒட்டிய மண்ணே முதலில் இளகும். எலி வளையும் நண்டு வளையும் சிறியவையாகத் தோன்றினும் உடைப்புக்குத் தொடக்கமாகலாம். சீமைக்கருவேலத்தின் வேர் பட்டுப் போனால் அது இருந்த இடமே நீருக்கு வழியாகிவிடும். எல்லாவற்றினும் மோசமானது, கலுங்கை அடைப்பது. இன்னும் ஒரு போகத்துக்கு நீர் நிற்கட்டும் என்று ஆயக்கட்டுதாரர் கலுங்கின் மேல் மண்மூட்டை அடுக்குவதும், மீன் குத்தகை எடுத்தவர் மறுகாலில் தட்டி கட்டுவதும் எத்தனை ஊர்களில் நடக்கின்றன என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் தயங்குகிறோம். கரை மேல் நீர் வழிந்த மண் அணை தப்புவது மிக அபூர்வம்.

பெரிய அணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்திலும், 2024 ஆகஸ்டில் துங்கபத்திராவிலும் கதவுகள் பறிபோனதற்குக் காரணம் கட்டடமன்று. கதவைத் தாங்கும் சங்கிலி அறுந்ததே. கல்லும் சுண்ணாம்பும் நூறாண்டு நிற்கும் என்று பெருமைப்படும் நாம், இரும்பின் ஆயுளை அதே அளவுகோலால் அளக்கிறோம், அது தவறு. கதவுகளுக்கும் சங்கிலிகளுக்கும் தனியான நிலைமைத் தரம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த மாநாடு பொதுப்படையான தீர்மானங்களோடு கலையக் கூடாது. இந்த ஜில்லாவில் ஏதேனும் ஒரு குளச் சங்கிலியைத் தேர்ந்து, ஒவ்வொரு கரைக்கும் கீழே எத்தனை வீடுகள், எந்தப் பள்ளிக்கூடம், எந்த மின்மாற்றி, எந்தப் பாலம் என்பதைக் குறித்து, மடைச்சாவி யாரிடம் இருக்கிறது, நள்ளிரவில் அவரை யார் எழுப்புவது என்பதையும் எழுதி, ஒன்றிய அலுவலகத்திலும் ஊர்ச் சாவடியிலும் வைக்கத்தக்க ஒரு மாதிரிப் பதிவேட்டை இரண்டாம் நாள் மாலைக்குள் தயாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கான குழுவில் நீர்ப்பாய்ச்சிகள் பாதிப்பேர் இருக்கட்டும். முதற்கட்டுரை மடைகளின் பழுதைப் பற்றியது. அதன் ஆசிரியரை மேடைக்கு அழைக்கிறேன்.