கேட்டுச் செய்தல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்த பொருள் "இல்லத்துப் பொழுதுபோக்குக் கைத்தொழில்கள்" என்பது. இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்கும் கைத்தொழிலுக்கும் யாது தொடர்பு என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையம் தக்கதே. ஆறாண்டுகளாக யான் ஓய்வு நேரங்களிற் பழம் புத்தகங்களுக்குக் கட்டடம் செய்து வருகிறேன். வழக்கிலே பைண்டு செய்தல் என்பார்கள். அதனை நன்கு செய்கிறேன் என்று சொல்லத் துணியேன். ஆதலின் தொழிலின் சிறப்பை விடுத்து, அதனைப் பிறரிடம் கேட்டறிந்த வகையையும், கேளாது கெடுத்த வகையையுமே இங்குக் கூற எண்ணுகிறேன்.

என் தந்தையார் பயின்ற நன்னூல் உரைப்பதிப்பு ஒன்று எங்கள் இல்லத்தில் உண்டு. அவரும் ஆசிரியரே. பக்கந்தோறும் ஓரங்களில் மையாலும் பென்சிலாலும் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நாளடைவில் தையல் அறுந்து ஏடுகள் உதிரலாயின. எங்கள் கடைத்தெருவிலே ஒரு பைண்டுக் கடை இருக்கின்றது. நடந்து சென்று ஒரு சொல் கேட்டிருக்கலாம்; கேட்டேனல்லேன். ஊரார் ஐயம் கேட்க என்னிடம் வருகின்றனர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரிடம், அதுவும் ஒரு புத்தகத்தைப் பற்றி, யான் போய்க் கேட்பதா என்னும் எண்ணம், வாய்ச்சொல்லாக வெளிவராவிடினும், காலைத் தடுத்தது. கிழிந்த ஏடுகளைச் செலோடேப்பினால் ஒட்டினேன். ஓரங்கள் ஒழுங்காக இல்லாமை கண்டு, இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் அறுத்தேன். அறுத்து முடித்தபின் பாயின்மேற் கிடந்த தாள்நறுக்குகளைப் பார்த்தேன். அவற்றில் என் தந்தையாரின் கையெழுத்து இருந்தது. நறுக்குக்கு இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. அவற்றைப் பொறுக்கி ஓர் உறையில் இட்டு வைத்திருக்கிறேன். எது எப்பக்கத்தது என்று இன்றளவும் முழுதும் பொருத்த இயலவில்லை.

அதன் பின்னரே அக்கடைக்குச் சென்றேன். கடைக்காரர் என்னினும் மூத்தவர். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "வாத்தியார் ஐயா, கத்தியை எடுக்கும் முன்னே என்னிடம் காட்டியிருக்கக் கூடாதா?" என்று ஒன்றே சொன்னார். பின்னர் அதைப் பற்றிப் பேசினாரல்லர். அத்தகைய பெருந்தன்மையைப் பட்டம் பெற்றோரிடத்தும் யான் மிகுதியாகக் கண்டதில்லை.

புலவர்க்கு இது புதிதன்று என்பதை அப்பொழுது யான் மறந்திருந்தேன். உ. வே. சாமிநாதையர் அவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பல்லாண்டு பயின்று, கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராய் அமர்ந்தவர். 1880ஆம் ஆண்டிலே சேலம் இராமசுவாமி முதலியார் அவர்கள் வினவியபின் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களிலே அவ்வூர்ச் சைனர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூல் அச்சில் வெளிவந்தது. அவர் கேளாதிருந்தால் அப்பதிப்பு எந்நிலையில் வந்திருக்குமோ! இதனைப் பல முறை வகுப்பிலே சொல்லியிருக்கிறேன். சொல்லியும் பைண்டுக் கடைக்குப் போக எனக்கு ஒரு புத்தகம் பாழாக வேண்டியிருந்தது.

பெரியவரிடம் கேட்டறிந்தவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். யான் கட்டிய நூல்களின் அட்டைகள் உலர்ந்ததும் அப்பளம்போல் வளைந்துவிடும். பசையை மாற்றினேன், பாரம் ஏற்றினேன், பயனில்லை. அவரோ என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் மெல்ல வளைக்கச் சொன்னார். ஒரு பக்கம் எளிதில் இணங்கியது; மறுபக்கம் எதிர்த்தது. ஆலையிலே தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையிற் படிகின்றன. எளிதில் வளையும்போது தோன்றும் மடிப்புக் கோடே அந்நாரோடும் திசை. ஈரம் பட்டால் நார் நீளத்தில் மிகுதியாக வளராது, குறுக்கே பருக்கும். ஆகவே அட்டையின் நார் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓடுமாறு வெட்டவேண்டும். மேலே ஒட்டும் தாளும் அவ்வாறே. அட்டையின் ஒருபுறம் மட்டும் தாள் ஒட்டினால் அது உலர்ந்து அப்புறமே இழுக்கும். உட்புறமும் ஒட்டினால் இரண்டிழுப்பும் ஈடாகும். இத்துணையும் அறியக் கால் மணி நேரம் ஆயிற்று. யான் தனியே தடுமாறியது பதினான்கு மாதம்.

கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். நம் இல்லத்துப் பெண்டிர் இதனை நன்கறிவர். பூத்தையல் தெரியாதவள் தெரிந்தவளிடம் "தையல் எப்படி?" என்று வாயாற் கேட்பதில்லை, துணியையும் ஊசியையும் எடுத்துச் சென்று அருகில் அமர்ந்து, "இந்த இடத்தில் நூல் சுருங்குகிறது, பாருங்கள் அக்கா" என்கிறாள். ஆடவராகிய நாம் வெறுங்கையோடு சென்று பொதுப்படக் கேட்டுப் பொதுப்பட விடை பெற்றுத் திரும்புகிறோம். இளைஞர் கைப்பேசியிற் காணொளி பார்த்துக் கற்கின்றனர். தவறென்று சொல்லேன், யானும் பார்க்கிறேன். ஆயினும் அக்காணொளி நம் கையிலுள்ள புத்தகத்தைப் பார்ப்பதில்லை. மற்றொன்று: பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பைண்டுக் கடையில் நோட்டுகள் குவிந்திருக்கும், அப்போது போய் ஐயம் கேட்டல் அவர் பிழைப்பில் கைவைப்பதாகும். தொழிலாளியின் நேரத்திற்குக் கூலி உண்டு. பெரியவர் என்னிடம் காசு வாங்க மறுத்தார். அதனால் காலிகோவும் அட்டையும் நூலும் அவர் கடையிலேயே வாங்குகிறேன்.

அறிவுரைகள் முரணுதலும் உண்டு. மைதாப் பசையிலே சிறிது மயில்துத்தம் சேர்த்தாற் பூச்சி அண்டாது என்பது பெரியவர் கொள்கை. ஏட்டுச்சுவடிகளைப் பேணும் அன்பர் ஒருவரோ அதனைக் கூடாதென்றார். துத்தத்திலுள்ள செம்பு நாளடைவில் தாளை நலிவிக்கும், அன்றியும் அது நஞ்சு, சிறுவர் உள்ள வீட்டில் ஆகாது, பசையைச் சிறிதளவே காய்ச்சி ஓரிரு நாளிற் செலவிடுக என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் நினைத்தது வரும் மழைக்காலத்துப் பூச்சியை; மற்றவர் நினைத்தது நூறாண்டு கழித்துத் தாள் இருக்கும் நிலையை. பள்ளி நூலகத்தில் நாள்தோறும் அடிபடும் புத்தகங்களைப் பெரியவர் கடைக்கே அனுப்புகிறேன். வீட்டுப் பழம் நூல்களுக்கு அன்பர் சொன்னதே வழக்கம்.

நன்னூலைப் பற்றிப் பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். ஏட்டின் ஒரு மூலையை முன்னும் பின்னுமாக இருமுறை மடித்தார். மூலை ஒடிந்து அவர் கையிலேயே வந்துவிட்டது. "இந்தத் தாள் ஊசி தாங்காது. கட்டாதீர்கள், ஐயா. அளவாக ஓர் அட்டைப் பெட்டி செய்து அதில் வையுங்கள்" என்றார். புத்தகம் கட்டிப் பிழைப்பவர் கட்டாதே என்றார்! அவ்வாறே பெட்டி செய்தேன். நார் பார்த்து வெட்டிய அட்டை, வளையவில்லை.

செலோடேப்பு மட்டும் எஞ்சி நிற்கின்றது. அதன் பசை பழுப்பேறித் தாளில் ஊறி வருகின்றது. பதினொரு பக்கங்களில் தந்தையாரின் எழுத்து அதன் கீழே இருக்கின்றது. இளஞ்சூடு காட்டினால் மேலுறை பெயரும் என்று சிலர் கூறினர். மை அதனோடு பெயர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தால் யான் தொடவில்லை. பெட்டியையும், நறுக்குகள் உள்ள உறையையும் இங்குக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் வாயிலருகே மேசைமேல் வைத்திருப்பேன். இத்தகைய வேலையிற் பழகியவர் உங்களில் எவரேனும் இருந்தால், அல்லது பழகியவரை அறிந்திருந்தால், வந்து பார்த்து எனக்குச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.