வந்தவாசியில் விட்ட விரிசல்



எஞ்சினியரைப் பேசக் கூப்பிட்டால் சிமெண்ட், கம்பி என்றுதான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒரு ராஜ்யம் இடிந்து விழுந்த கதை. 1789 ஜூலை 14-ல் பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைப் பிடித்தார்கள். 1792-ல் முடியாட்சி ஒழிந்தது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னரின் தலையே போச்சு. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் விட்ட விரிசல் ஒன்று நம்ம ஊர்ப் பக்கமும் தெரிந்தது.

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் வந்தவாசி. அங்கேதான் 1760 ஜனவரி 22-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். அடுத்த ஆண்டே புதுச்சேரியும் செஞ்சிக் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போயின.

ஏன் தோற்றார்? லாலி முன்கோபி, யாரோடும் ஒத்துப்போகாதவர். உண்மைதான். ஆனால் கஜானா காலி. பணம் கேட்டு 1758-ல் தஞ்சாவூர் வரை படையெடுத்துப் போய், வெறுங்கையோடு திரும்பினார். 1759-ல் சம்பளப் பாக்கிக்காக அவருடைய சிப்பாய்களே கலகம் செய்தார்கள். சம்பளம் இல்லாத படையை வைத்துக்கொண்டு எந்தத் தளபதி என்ன செய்வார், சொல்லுங்கள்?

பாரிஸ் என்ன செய்தது? மன்னரின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்புச் சொல்லி, 1766-ல் லாலியின் தலையை வெட்டியது. ஃபைல் மூடியாச்சு! வால்டேர் போன்றவர்கள் போராடிய பிறகு, 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. போன உயிர் திரும்புமா?

கஜானாவின் ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. அதே 1778-ல் அமெரிக்கப் போரிலும் பிரான்ஸ் கடன் வாங்கி இறங்கியது. 1788-ல் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி, பழைய கடனுக்கே போனது. பிரபுக்கள் வரிச்சலுகையை விடவில்லை. அறுவடை பொய்த்து ரொட்டி விலை ஏறியது. வேறு வழியில்லாமல் மன்னர் 1789-ல் மக்கள் பிரதிநிதிகளைக் கூட்டினார். அந்தச் சபையில் பிரபுக்கள் தரப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர், தலை வெட்டப்பட்ட லாலியின் மகன்!

நண்பர்களே, எங்கள் தொழிலில் ஒரு பாலம் விரிந்தால், "யாருப்பா அன்னைக்கு டூட்டி?" என்பதுதான் முதல் கேள்வி. ஓர் ஆளைச் சஸ்பெண்ட் செய்தால் எல்லோருக்கும் நிம்மதி. பாரம் எவ்வளவு, அஸ்திவாரம் எப்படி, பராமரிப்புக்குப் பணம் வந்ததா என்று கேட்பவன் வேண்டாதவன். தப்புச் செய்தவரை விட்டுவிடச் சொல்லவில்லை. காரணத்தையும் சேர்த்துத் தேடுங்கள் என்கிறேன்.

நம்மில் பலர் இன்று கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருக்கிறோம். விசாரணை ஃபைல் மேஜைக்கு வந்தால், பெயரை எழுதுவதற்கு முன்னால் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது போதும்.