சட்டையில் புனிதர், நெஞ்சிலும் புனிதர்

(விழா நாளில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் இரத்தம் சிந்திய அருளானந்தரின் படத்தைச் சட்டையில் பதித்து அணிய விரும்புகிறீர்கள். நல்ல ஆசை. ஆனால் நாலு சலவையில் புனிதரின் முகம் உரிந்துபோனால் மனம் நோகும். கடலில் பாடுபட்ட தகப்பன் தந்த காசும் வீணாகும். ஆகவே துணியறிந்து பதியுங்கள்.

திருப்பூர்ப் பருத்தி பனியனுக்குப் பசைத்தூள் உருக்கிய படத்தாள் பொருந்தும். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 விநாடி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். கபடி வீரர் அணியும் பாலியெஸ்டருக்குச் சாயத்தாள் வேறு உண்டு. சுமார் 200 டிகிரியில் அந்தச் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடும். பருத்தியில் அது நிலைக்காது. சாயத்தாளில் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். மறந்தால் புனிதர் பெயர் இடவலம் மாறித் தெரியும்.

துவைக்கும்போது சட்டையை உள்வெளியாகத் திருப்புங்கள். ஒட்டிய படத்தின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள்.

அன்பர்களே, மேலே ஒட்டியது ஒருநாள் உரியும். உள்ளே புகுந்தது நிலைக்கும். விசுவாசமும் அப்படித்தான். சட்டையில் அணியும் அருளானந்தர் நம் நெஞ்சிலும் பதிவாராக!