வெடியோசையில்லாத் தீபாவளி



தீபாவளி, பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாள். ஈரோட்டை அடுத்த வெள்ளோட்டில், ஏரியைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள் அன்று வெடி வெடிப்பதில்லை. அவ்வேரி பறவைகள் சரணாலயம். 2022இல் ராம்சர் தலமும் ஆயிற்று. ஐப்பசி மழையோடு வலசைப் பறவைகள் வந்திறங்கும் பருவத்தில்தான் தீபாவளியும் வருகிறது. வெடிக்கு அஞ்சித் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்தால் முட்டை குளிர்ந்துபோகும், காகமும் கவர்ந்துசெல்லும். இதனை அவ்வூரார் எந்த நூலையும் ஓதி அறிந்தாரல்லர். ஏரிக்கரையில் வாழ்ந்து அறிந்தனர். கொல்லாமையை நாள்தோறும் ஓதும் நம் இல்லங்களிலோ சரவெடி!

1934இல் முடிவுற்ற நம் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்திலும் கொக்கும் நீர்க்காகமும் இரை தேடுகின்றன. வரும் ஞாயிறு காலை நம் சிறுவரை அக்கரைக்கு அழைத்துச் செல்வோம். ஒவ்வொரு பறவையையும் தமிழ்ப் பெயரால் அறிமுகப்படுத்துவோம். இவ்வாண்டு வெடி வேண்டுமா என்று பிறகு அவர்களையே கேட்போம்.