குளிரில் நின்றுபோகும் ஃப்ரிட்ஜ், வெயிலில் திணறும் ஃப்ரிட்ஜ்
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கோடை வரப்போகிறது, ஃப்ரிட்ஜ் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டார்கள். வெயிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் குளிரிலிருந்து ஆரம்பிக்கிறேன். குளிரில் ஒரு ஃப்ரிட்ஜ் ஏன் நின்றுபோகிறது என்று தெரிந்துவிட்டால், மதுரை வெயிலில் அது படும் பாடு சுலபமாகப் புரிந்துவிடும்.

நம்மில் சிலருக்குக் கொடைக்கானலில் சின்னதாக ஒரு வீடு இருக்கிறது. சிலருடைய பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிப் புகார் வருவதுண்டு. கார் ஷெட்டில் வைத்த டபுள் டோர் ஃப்ரிட்ஜ் குளிர்காலத்தில் நின்றுவிடுகிறது. உள்ளே விளக்கு எரிகிறது, கம்ப்ரஸர் ஓடவில்லை, ஃப்ரீசரில் வைத்த மீன் இளகிக் கிடக்கிறது. "இந்தக் குளிருக்கு இன்னும் நன்றாக அல்லவா ஓட வேண்டும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

அந்த ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகவில்லை. அது தனக்குச் சொன்ன வேலையைத்தான் செய்கிறது. இப்படிப்பட்ட டபுள் டோர் பெட்டிகள் பலவற்றில் வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான். அது காய்கறி, பால் வைக்கும் கீழ் அறையில் இருக்கும். கீழ் அறை சூடானால் கம்ப்ரஸர் ஓடும், நான்கு ஐந்து டிகிரிக்கு வந்துவிட்டால் நின்றுவிடும். மேலே ஃப்ரீசரில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் அங்கே ஷெட்டுக்குள் இருக்கும் காற்றே எட்டு, பத்து டிகிரிக்கு இறங்கிவிடும். கீழ் அறை சூடாவதற்கு வழியே இல்லை. கம்ப்ரஸர் மணிக்கணக்கில் சும்மா இருக்கும். ஆனால் ஃப்ரீசருக்குத் தேவை மைனஸ் 18. கம்ப்ரஸர் ஓடாவிட்டால் அது மெல்ல மெல்ல இளகத்தானே செய்யும்? கனடாவில் ஷெட் காற்று பூஜ்ஜியத்துக்கும் கீழே போவதால், அங்கே இதற்கென்றே அளக்கும் கருவியின் பக்கத்தில் பொருத்தும் சிறு ஹீட்டரை விற்கிறார்கள். குளிர்பெட்டிக்கு ஹீட்டரா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதுதான் சரியான வைத்தியம்.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. வந்து பார்ப்பவர் "கேஸ் போயிடுச்சு" என்று சொல்லிவிடுவார். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அந்தக் காசும் காற்றோடு போகும். பகலில் ஓடி இரவில் நிற்கிற ஃப்ரிட்ஜை, சித்திரையில் ஓடி மார்கழியில் நிற்கிற ஃப்ரிட்ஜை, கேஸ் கேஸ் என்று சந்தேகப்படாதீர்கள். ஓட்டைக்குப் பருவம் தெரியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூடி போட்ட பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கீழ் அறையில் வையுங்கள். சிறிது நேரத்தில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால் இயந்திரம் நன்றாக இருக்கிறது, இடம்தான் சரியில்லை. ஓடவில்லை என்றால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஃப்ரீசரில் பனி கட்டாத வகை என்றால் பனியை உருக்குவதற்காக அது அவ்வப்போது தானே ஓய்வெடுக்கும். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

மலை வீட்டுக்கு என் யோசனை: பெட்டியை ஷெட்டிலிருந்து சமையலறைக்குக் கொண்டுவாருங்கள். நம் ஊரில் விற்கும் பெட்டிகளில் பல, வெப்பநாட்டு வகை. 16 முதல் 43 டிகிரி வரை சுற்றுப்புற வெப்பத்துக்காகச் செய்யப்பட்டவை. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்த வகை. வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டு வாருங்கள். திரும்பிப் போகும்போது காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

சரி, மலையிலிருந்து இறங்குவோம். மதுரையில் அந்த அளவுக்குக் குளிர் கிடையாது. ஆனால் மார்கழியில் இங்கேயும் ஒரு வேடிக்கை நடக்கிறது, அதில் கொஞ்சம் ஆபத்தும் உண்டு. நம் வீடுகளில் பாதிக்கு மேல் சிங்கிள் டோர். அதில் அளக்கும் கருவி பெரும்பாலும் மேலே ஃப்ரீசர் தகட்டை ஒட்டி இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் கீழ்த் தட்டுகள் சரியாகக் குளிராது. உடனே திருகை 6, 7 என்று வைத்துவிடுவோம். பிறகு அதை யாரும் தொடுவதில்லை. மார்கழி வரும்போது வெளிச்சூடு குறைந்திருக்கும், திருகு மட்டும் அதே 7-இல் நிற்கும். பின்சுவரை ஒட்டி வைத்த கீரை கறுத்துப்போகும், பால் உறையும். அது போகட்டும். அங்கே இன்சுலின் இருந்தால்?

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினை, இளகிய பிறகு பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும், போட்டுக்கொள்ளக் கூடாது. அதன் வீரியத்தை நம்ப முடியாது. சர்க்கரை ஏன் குறையவில்லை என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிற நிலைமை வரும். அதனால் இன்சுலினை மூடியுள்ள டப்பாவில் போட்டு நடுத் தட்டில் முன்பக்கமாக வையுங்கள். பின்சுவரை ஒட்டி வேண்டாம், ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் வேண்டாம். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க விட்டு, காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. திருகில் இருக்கும் எண் டிகிரி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண் கூடக் கூடக் குளிர் கூடும், அவ்வளவுதான். தைப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி நம் கார் ஷெட். புது ஃப்ரிட்ஜ் வாங்கியதும் பழையதை ஷெட்டுக்கு அனுப்புவது நம் தெருவில் வழக்கமாகிவிட்டது. மாவுக்கு ஒன்று, மல்லிகைப் பூவுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கும் வீடும் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் மதியம் 43 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. வெளியே கொதித்தால் எங்கே கொட்டும்? கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், சூடாகும், 'டிக்' என்று தானே அணையும். ஆறியதும் முனகிவிட்டு மறுபடி அணையும். அதற்கு மெல்லிசான எக்ஸ்டென்ஷன் ஒயரில் கரண்ட் கொடுத்தால், ஷெட்டுக்கு வரும்போதே வோல்டேஜ் குறைந்துவிடும். இதுவும் குளிரில் நின்ற கதைதான், தலைகீழாக. கரண்ட் போய் வந்ததும் உடனே போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பின்பக்கக் கம்பிக் கூட்டில் படிந்த தூசியைத் துடையுங்கள். பக்கச் சுவர்கள் சூடாகும் புது மாடலாக இருந்தால் இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும். அரிசி மூட்டையைச் சாய்த்து வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், ஷெட் ஃப்ரிட்ஜே வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஈ.பி. கட்டணக் கணக்கே மாறிவிடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டவைப்பது பல வீடுகளில் இந்தப் பழைய பெட்டிதான்.

கடைசியாக, பழுது பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் என்ன கேஸ்?" கம்ப்ரஸர் மீது ஒட்டியுள்ள லேபிளில் ஆர்-600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. கிராம் கணக்கில்தான் இருக்கும், தினப்படிப் புழக்கத்தில் பயமில்லை. ஆனால் குழாயை வெட்டி நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் முன் கேஸை முழுவதும் வெளியேற்றியாக வேண்டும். மூடிய ஷெட்டுக்குள், பக்கத்தில் பெட்ரோல் வண்டி நிற்கும்போது, அந்த வேலை கூடாது. பெட்டியைத் திறந்த வாசலுக்கு நகர்த்திவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.