கொழுந்துக் காலமும் கணினி மேகமும்

(மடுல்கெல்லை இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குத் தரப்பட்ட பொருள் கணினி மேகம். ஆயினும் மடுல்கெல்லையில் பேசுகிறவன் தேயிலையை விட்டுத் தொடங்கலாகாது. மழை விட்டு வெயில் எறித்ததும் கொழுந்து ஒரேயடியாகப் பெருகுகின்றது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடமோ வருடம் முழுவதும் அதே அளவுதான். பறித்த கொழுந்து காத்திராது. குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். அந்தச் சில வாரங்களுக்காக இன்னொரு தொழிற்சாலை கட்டுவார் உண்டோ? மிஞ்சியதை லொறியில் ஏற்றி அயல் தோட்டத்துக்கு அனுப்புவதே சிக்கனமான வழி.

கணினி உலகிலும் இதுவே வழக்கு. ஒரு நிறுவனம் தன் கட்டடத்திலுள்ள சொந்தக் கணினிகளில் அன்றாட வேலையை நடத்தும்; கூட்டம் மிகும்போது, 2006ஆம் ஆண்டில் இவ்வாடகைத் தொழிலைத் தொடங்கிய அமேசான் போன்றோரின் கணினிகளை மணிக்கணக்கில் எடுத்து, மிஞ்சிய வேலையை அங்கே திருப்பிவிடும். சொந்தமும் வாடகையும் கலந்த இவ்வேற்பாடு கலப்பு மேகம் எனப்படும். மிஞ்சியதைத் திருப்பிவிடுவதை 'கிளவுட் பர்ஸ்டிங்' என்கின்றனர், மேகம் வெடித்தல்! பெயர் வைத்தவர் மலைநாட்டில் வாழ்ந்தவர் அல்லர் போலும்.

நமது பிள்ளைகளுக்கு இதனால் ஆவதென்ன? க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் பொழுதை எண்ணிப் பாருங்கள். வருடம் முழுவதும் சிலரே பார்க்கும் பக்கத்தை இலட்சக்கணக்கானோர் ஒரே மணித்தியாலத்தில் தட்டுகின்றனர். லயத்தில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி வீட்டார் அனைவரும் நிற்க, பக்கம் திறவாமல் சுழன்றுகொண்டேயிருந்தால், உயர்தரத்துக்குப் பாடசாலை தேடவேண்டிய பிள்ளைக்கு அது சிறு விஷயமன்று.

வாடகைக்கு எடுத்தால் தீர்ந்ததா? தீராது. 2019 யூலை 10ஆம் நாள், உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடியபோது, ஹொட்ஸ்டார் ஒளிபரப்பை ஒரே நேரத்தில் 2.5 கோடிப் பேருக்கு மேல் கண்டனர். அந்நிறுவனம் வாடகைக் கணினிகளிலேயே நடந்தது. அப்படியிருந்தும், கூட்டம் வந்தபின் கணினி தேடலாம் என்று அது இருந்துவிடவில்லை. புதிய கணினி எழுந்து ஆயத்தமாகச் சில நிமிடங்கள் செல்லும். அதற்குள் இலட்சக்கணக்கானோர் வந்து குவிந்துவிடுவர். எனவே எத்தனை பேருக்கு எத்தனை கணினி என்று கணக்கிட்டு முந்தியே எழுப்பி வைத்தனர். இன்னொரு வேடிக்கை: ஆட்டம் கைநழுவிச் சனங்கள் கலையும்போதும் நெரிசல் உண்டு. கலைகிறவர்கள் எல்லோரும் முகப்புப் பக்கத்துக்கல்லவா திரும்புகிறார்கள்!

பெறுபேற்று நாளோ வெளியிடுவோருக்கு முன்னரே தெரிந்த நாள். முதல்நாள் இரவே கணினிகளை எழுப்பி வைக்கலாம். ஆனால் எதை வெளியே அனுப்புவது? அயல் தோட்டத்துக்குக் கொழுந்தைத்தான் அனுப்புகிறோம், செக்றோலை அனுப்புவதில்லை. அவ்வாறே புள்ளிகளின் மூலப் பதிவேடு வீட்டிலிருக்க, சுட்டெண்ணும் பெறுபேறும் மட்டுங் கொண்ட பிரதியொன்று வெளியே செல்லட்டும். தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கென நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. பெயரும் முகவரியும் அடங்கிய பதிவேட்டை நினைத்தபடி கடல் கடத்தலாகாது. பிரதி கொடாமல், வாடகைக் கணினி ஒவ்வொரு கேள்விக்கும் வீட்டுப் பதிவேட்டையே வந்து கேட்குமாயின், முன்வாசல் நெரிசல் பின்வாசலுக்கு மாறியதேயன்றி வேறு பயனில்லை.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை முடிந்தபின் கணினிகளைத் திருப்பி ஒப்படைக்காவிட்டால், ஒருவரும் பார்க்காத பக்கத்துக்கும் வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும். ஆதலால் எழுப்பும் நேரத்தைக் குறிக்கும்போதே, அணைக்கும் நேரத்தையும் கணினிக்கே எழுதிக் கொடுத்துவிடுகின்றனர்.