துயருற்றோர்க்கு ஒரு தையற் கூடம்

(தவளக்குப்பத்தில் நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், விதை ஆகியவற்றைப் பற்றியே நாங்கள் வழக்கமாகப் பேசுவது உண்டு. இன்று துக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது அரசாங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்கு அண்மையிலுள்ள நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்ததால் மக்கள் உயிர் தப்பினர். படகுகளையும் வீடுகளையும் கடல் கொண்டுபோயிற்று. மற்றக் கடற்கரை ஊர்களிலோ உயிர்களே போயின. படகுக்கும் வீட்டுக்கும் நிவாரணம் கணக்கிட்டோம்; துக்கத்தை எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை.

ஆரோவில்லில் ‘உபாசனா’ என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திவரும் உமா பிரஜாபதி அவர்கள் அப்பொழுது வேறொரு வழியைக் கண்டார். சுற்றுப்புற மீனவப் பெண்களை ஒன்றுகூட்டி, தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொடுத்து, விரல் அளவே உள்ள பொம்மைகளைச் செய்யப் பழக்கினார். 2005இல் பிறந்த அப்பொம்மைக்குச் ‘சுனாமிகா’ என்று பெயர். அது விலைக்கு விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாக வழங்கப்படுகிறது. மனமுவந்து பிறர் தரும் நன்கொடையிலிருந்தே பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. அப்பொம்மை பல நாடுகளுக்கும் சென்றிருக்கிறது.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் இத்தகையது நிகழ்ந்தது. 1973க்குப் பின் இராணுவ ஆட்சியில் காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் துண்டுத் துணிகளைச் சாக்கில் தைத்துச் சித்திரங்கள் ஆக்கினர். சிலர் காணாமற்போனவரின் சட்டைத் துணியையே அதில் சேர்த்தனர். வாயால் சொல்ல இயலாததை ஊசி சொல்லிற்று.

இது எப்படி ஆறுதல் ஆகிறது? கை ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது நெஞ்சு சற்று ஓய்கிறது. அருகில் அமர்ந்திருப்பவளின் முகத்தைப் பாராமலே பேசலாம், பேசாமலும் இருக்கலாம். துக்க வீட்டில் எல்லாரும் நம்மையே உற்றுப் பார்ப்பது எத்தனை பாரம் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். முன்பு நாங்கள் நடத்திய தையற் பயிற்சி ஒன்றுக்கு, மகனை இழந்த தாய் ஒருவர் வந்தார். நாள்தோறும் ஒரே கைக்குட்டையின் ஓரத்தைத் தைப்பார், பிரிப்பார், மறுபடி தைப்பார். நாங்களோ பதிவேட்டில் ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதினோம். அதன் பின் அவர் வரவில்லை. உள்ளபடியே அங்கு முன்னேறியிருந்தவர் அவர் ஒருவர்தாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே, வியாழக்கிழமைதோறும் பிற்பகலில் சமுதாய நலக் கூடத்தைத் திறந்து வைக்க எண்ணியுள்ளோம். பதிவேடு கிடையாது, இத்தனை உருப்படி என்ற கணக்கும் கிடையாது. இறந்தவரின் புடைவையையோ வேட்டியையோ கொண்டுவந்து, பேரக் குழந்தைக்குச் சட்டையாகத் தைக்க விரும்பினால் தைக்கலாம். மனம் ஒப்பாதோர் துண்டுத் துணியிலேயே தொடங்கலாம். தையற்கடைக்காரர்கள் வெட்டுத் துணியைக் குப்பையில் கொட்டாமல் ஒரு சாக்கில் சேர்த்து வைக்குமாறு வேண்டுகிறோம். மிகுந்த துயரத்தால் உண்ணாமலும் உறங்காமலும் இருப்போரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கு ஊசி போதாது.

கூடத்தின் சாவியை யார் வைத்திருப்பது என்பதை மட்டும் தாய்மார்களே கூடி முடிவு செய்துவிடுங்கள்.